தொமித்திலா போட்ட வேலி

எங்கள் ஊரில் ஆடுதான் பிழைப்பு. பால்செடியைத் தின்ற ஆடு வாயில் நுரை தள்ளிச் செத்துப்போகும். கண்ட இடத்தில் வேரோடு பிடுங்கிவிடுவோம். அடுத்த வீட்டுத் தொமித்திலா மட்டும் பிடுங்கமாட்டாள்.

அவள் தெற்கே மிச்சோகான் மலைக்காரி. கல்யாணமாகி இந்த வறண்ட வடக்குக்கு வந்தவள். புருஷன் செத்தபிறகும் திரும்பிப் போகவில்லை. அங்கே யாரும் மிச்சமில்லையாம். இறந்தவர்களுக்குப் படையல் வைக்கிற நவம்பரில் அவள் ஊருக்கு மொனார்க்கா பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வரும். செத்த சொந்தங்களே வருவதாகச் சொல்வார்கள். அதுகளே மார்ச்சில் வடக்கே போகும்போது எங்கள் ஊரைத் தாண்டும், நிறம் வெளுத்து, இறக்கை கிழிந்து. எங்களுக்கு அது பூச்சி. அவளுக்கு ஊரிலிருந்து வந்த ஆள்.

அந்த மார்ச்சில் எங்கள் சினையாடு அவள் செடியைத் தின்று செத்தது. என் புருஷன் நபோர் மண்வெட்டியோடு போனார். நானும் போனேன்.

"நீ பிடுங்குறியா, நான் வெட்டட்டுமா?"

"அண்ணே, பட்டாம்பூச்சி இப்பதான் முட்டை வைக்க வந்திருக்கு. வேற செடியில வைக்காது."

"ஏன், உங்க ஆத்தாவா வந்திருக்கா?" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

அவள் கோபப்படவில்லை. "தெரியலக்கா. எங்க ஊர்ல அது வந்து தூங்கும், போயிடும். முட்டை வச்சு ஒருத்தரும் பார்த்ததில்ல. நான் பார்த்துட்டேன். போய்ச் சொல்லத்தான் அங்க ஆளில்ல."

நபோர் மண்வெட்டியை இறக்கினார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஆட்டைப் பட்டியில அடைக்கிறேன். அதுக்குள்ள வேலி போடு. இல்லேன்னா வெட்டிப்புடுவேன்."

நாலு நாள் முள்மரக் கிளைகளைத் தன்னந்தனியாக இழுத்து வந்தாள். அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே மாவு பிசைந்தேன். போகவில்லை. செத்தது என் ஆடு, நான் ஏன் போகணும்? இன்றைக்கும் அது விஷச்செடிதான் என்பேன்.

ஞாயிறு பூசை முடிந்து நாலு ரொட்டியை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். இடுப்பு உயரத்துக்கு முள். உள்ளே நின்றுகொண்டு கடைசிக் கிளையையும் இழுத்து மூடியிருந்தாள்.

"அடியே, ஆட்டுக்கு வேலியா, எங்களுக்கா?"

திரும்பாமலே கையைக் காட்டினாள், பேசாதே என்று. கிழிந்த இறக்கையோடு ஒன்று இலையில் தொங்கி, வயிற்றை அடிப்பக்கம் வளைத்துத் தொட்டுவிட்டுப் பறந்தது. அவள் இலையைத் திருப்பிக் காட்டினாள்.

"பார்த்தியாக்கா? கடுகைவிடச் சின்னது."

"பார்த்தேன்" என்றேன்.

என் கண்ணுக்கு முட்டை தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அவள் கையில் முள் கிழித்த கோடுகள். ரொட்டியை வேலிக்கு மேலே நீட்டினேன். அவளுக்கு வாங்கத் தோன்றவில்லை. இலையையே காட்டிக்கொண்டு நின்றாள்.