பெஹாலாவில் ஒரு கோல் கம்பத்துக் குங்குமம்

டிசம்பரில் தங்கள் பெண்கள் அணி ஈப்போவுக்கு வர நிர்வாகக் குழு ஒப்புதல் தந்துவிட்டது என்று, கொல்கத்தா பெஹாலாவில் உள்ள கிளப்பின் செயலாளர் மிதுன் நேற்று மாலை தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். ஏப்ரல் பதினைந்தாம் தேதி யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அன்று, மறுநாள் ஆட்டம் நடக்குமா என்பதே தெரியாமல் இருந்தது.

ஈப்போ கல்லூரி ஒன்றின் பெண்கள் காற்பந்து அணி இந்தியாவுக்குப் போவது இதுவே முதல் முறை. திட்டம் எளிமையானது. பெஹாலாவில் ஒரு நட்பு ஆட்டம். அது நல்லபடியாக முடிந்தால் அந்த அணி டிசம்பரில் இங்கே வரும். ஓய்வுபெற்ற நிருபர் வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்று பயிற்றுநர் சரோஜா என்னையும் சேர்த்துக்கொண்டார்.

சித்திரை முதல் நாள் புறப்பட்டோம். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம். கடிகாரத்தை இரண்டரை மணி பின்னுக்குத் தள்ள வேண்டும். விமான நிலையத்திலிருந்து பெஹாலாவுக்கு டாக்சியில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒரு வண்டிக்கு 720 ரூபாய். நமக்குப் புத்தாண்டு முடிந்த மறுநாள்தான் அங்கே வங்காளப் புத்தாண்டு. அது எங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் காற்பந்துக் கிளப்புகளில் என்ன செய்வார்கள் என்பது தெரியாது.

மறுநாள் மதியம் மூன்றரைக்குப் பயிற்சிக்காகத் திடலுக்குப் போனோம். யாரும் இல்லை. வெயில் தாங்காமல் நான் எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் ஒதுங்கிவிட்டுத் திரும்பியபோது, கோல்காவலர் தேவிகா வடக்குப் பக்கக் கோல் கம்பத்தின் அடியில் காலித் தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டிருந்தாள். கம்பத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் வடிந்தது.

"யாரோ வெச்சிருக்காங்க சார். குங்குமம், செம்பருத்தி மாலை, கீழ அரிசி. எங்க தோட்டத்து ஃபைனல்லயும் இப்படித்தான் கோல் வாய்ல மஞ்ச அரிசி கெடந்துச்சு. நாலு கோல் வாங்குனேன்."

"நாலும் உன் காலுக்கு நடுவுல போச்சு. அரிசி என்னா பண்ணும்?" என்றாள் தடுப்பாட்டக்காரி ஷாமினி.

நம் ஊரில் ரப்பர்த் தோட்டத்துத் திடல்களில் ஆடி வளர்ந்தவர்களுக்குத் தேவிகாவின் பயம் புரியும். எதிரணி செய்வினை வைத்துவிட்டது என்று முடிவு கட்டி, கம்பத்தைக் கழுவி, மாலையைச் சுவருக்கு அப்பால் எறிந்துவிட்டாள்.

மாலை ஆறு மணிக்குப் புத்தாண்டு இனிப்பு சாப்பிட கிளப் அறைக்கு அழைத்திருந்தார்கள். போனால் உள்ளே ஒரே கூச்சல். வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு நின்றன. எதிரணித் தலைவி ஸ்ருதியைக் கேட்டேன். கும்பகோணத்துக் குடும்பம், அப்பா வங்கி அதிகாரி, பிறந்து வளர்ந்தது பெஹாலாவில்.

"பார் பூஜையைக் கலைச்சுட்டாங்க அங்கிள். பக்கத்து பாடா பசங்கதான்னு இவங்க சண்டைக்குக் கெளம்பறாங்க."

பாடா என்றால் பேட்டை. பார் என்பது கோல் கம்பம். புத்தாண்டுக் காலையில் கிளப்புகள் அதற்குப் பூ வைத்து, குங்குமமிட்டு, புரோகிதரை வைத்துப் பூஜை செய்து பருவத்தைத் தொடங்குகின்றன. இதை ஸ்ருதி சொல்லி முடிப்பதற்குள் தேவிகா எழுந்துவிட்டாள்.

"நான்தான்னு சொல்லு."

"அப்படியேவா?"

"அப்படியே. செய்வினைன்னு நெனச்சதையும் சொல்லு."

ஸ்ருதி வங்காளத்தில் சொன்னாள். மிதுன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கேட்டதை ஸ்ருதி தமிழில் சொன்னாள்: "பாதி ஆட்டம் முடிஞ்சதும் பக்கம் மாத்துவோம். அப்ப அந்த கோல்ல எங்க கீப்பர்தானே நிக்கணும்? எங்களுக்கு நாங்களே செய்வினை வெச்சுப்போமாம்மா?"

வாசலில் ஒருவன் சிரித்தான். வண்டிச் சத்தம் நின்றது. ஆனால் நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் சிரிக்கவில்லை. பூஜை கலைந்த திடலில் ஆட்டம் கூடாது என்றார்கள். புரோகிதரோ கடை கடையாகப் புதுக்கணக்குப் பூஜையில் இருந்தார். இனிப்பு மேசையிலேயே இருந்தது. எங்கள் பெண்கள் யாரும் தொடவில்லை. எட்டு மணிக்குத்தான் அவர் தொலைபேசியை எடுத்தார். செய்த பூஜை தண்ணீர் பட்டுப் போய்விடாது, கழுவிய கையே நாளைக் காலையில் கம்பத்துக்கு மாலை போடட்டும் என்றார். அந்த இருவரும் தலையாட்டினார்கள்.

காலையில் ஸ்ருதியும் தேவிகாவும் நானும் லேக் மார்க்கெட்டுக்குப் போனோம். அங்கே தமிழர் பூக்கடை உண்டு.

"எந்தக் கோயிலுக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"கோல் கம்பத்துக்குண்ணே" என்றாள் தேவிகா.

அவர் ஆச்சரியப்படவில்லை. "ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?"

இரண்டு வாங்கினாள். திடலுக்குத் திரும்பியதும் மிதுன் குங்குமம் வைக்க, தேவிகா மாலை போட்டாள். நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. 1-1 என்று முடிந்தது. எங்களுக்கு எதிராக விழுந்த கோல் அதே வடக்குக் கம்பத்தில்தான்.

"இதுக்கு யாரு அரிசி போட்டது?" என்று ஷாமினி கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல் நடுவில் நாலு மணிக்கு முன் விளையாட நினைக்காதீர்கள். பெஹாலாவில் மெட்ரோ இருக்கிறது. அலுவலக நேரத்தில் டாக்சியைவிட அதுவே மேல். துணிமணிக்குக் கரியாஹாட்டுக்கு மாலையில் போங்கள், பேரம் பேசுங்கள். ஒரு காலை ஹவுரா படகுக்கு ஒதுக்குங்கள். ஒரு நாட்டைத் தெரிந்துகொள்ள நாங்கள் படித்துவிட்டுப் போனவை ஆறுகள், மொழி, நாணயம். திடலில் இருப்பதைத் தொடுமுன் அங்குள்ளவர்களைக் கேட்க வேண்டும் என்பது அவற்றில் இல்லை.

இன்னும் முடியாதவை இரண்டு. அவர்கள் அணியில் மூன்று பேருக்குக் கடவுச்சீட்டு வர வேண்டும். ஜூலைக் கடைசிக்குள் வரும் என்று மிதுன் எதிர்பார்க்கிறார். மற்றொன்று, ஸ்ருதி தேவிகாவுக்கு அனுப்பிய கேள்வி: "உங்க கிரவுண்டுல நாங்க எதைத் தொடக்கூடாது? முன்னாடியே சொல்லிடு."

எங்கள் திடலில் தெற்குக் கோலுக்குப் பின்னால் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. "அதுக்குள்ள பந்து விழுந்தா யாரு எடுக்கலாம்னு எனக்கே தெரியாது சார். மூணு வருஷமா ஷாமினிதான் எடுக்குறா" என்றாள் தேவிகா. சனிக்கிழமை பயிற்சிக்கு வரும்போது கோயில்காரரைக் கேட்டுச் சொல்வதாக ஸ்ருதிக்கு எழுதியிருக்கிறாள்.