ஷனாவா வீட்டுக் கம்ப்ரசர்

ஈராக்கில் பஸ்ராவை ஒட்டிய அபுல் கஸீபில் ஆண்களை மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாருக்கு அப்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசி மெக்கானிக் ஷனாவாவுக்குப் பிள்ளை இல்லை. கடைத்தெரு சும்மா விடுமா? 'அபூ வேக்குவம்', அதாவது வேக்குவத்துக்கு அப்பன் என்று பெயர் வைத்துவிட்டது. மற்ற மெக்கானிக்குகள் ஏசிக்கு கேஸ் அடைத்துவிட்டு, ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். இவர் வேக்குவம் பம்பை மாட்டி, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச விட்டுப் பக்கத்தில் குந்திக்கொள்வார். பஸ்ராவின் ஆகஸ்ட் வெயிலில் அரைநாள் வேர்த்துக்கொண்டு காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

கேட்பவர்களிடம் சலிக்காமல் சொல்வார். உள்ளே துளி ஈரம் தங்கினாலும் போதும், சூட்டில் கேஸ் கெட்டுப்போகும், எண்ணெயும் அமிலமாகும். அந்த அமிலம் கம்ப்ரசருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் மேல்பூச்சை அரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் கம்பி கருகி மெஷின் செத்துப்போகும். கேட்டவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

அவர் சொன்னதை முழுசாகக் கேட்டது ஒரே ஒரு மெஷின்தான். அது அவர் வீட்டில் இருந்தது. மனைவி ஸபீஹாவுக்கு நரம்பில் ஒரு நோய். அறை குளிர்ந்திருந்தால் தானே தலை வாரிக்கொள்வாள், தேநீர்க் கோப்பையைத் தானே பிடித்துக் குடிப்பாள், புருஷனை வாய் நிறையக் கிண்டலும் செய்வாள். சூடேறினால் விரல்கள் சொன்னபடி கேட்காது. கால் மடங்கிவிடும். கண் மங்கும். அதனால் அந்த ஏசியை அவர் கண்ணில் வைத்துக் காத்தார். கோடை தொடங்குமுன் ஈரம் பிடிக்கும் வடிகட்டியை மாற்றுவார். ஒரு சொட்டு எண்ணெய் எடுத்து அமிலம் இருக்கிறதா என்று பார்ப்பார். வருடக்கணக்காக ஓடியும் எண்ணெய் கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடந்தது. ஊரில் எத்தனையோ பேர் வீட்டில் கம்ப்ரசர் மாற்றி மாற்றி அழுதார்கள். இவர் வீட்டில் முதல் நாள் மாட்டியதே ஓடிக்கொண்டிருந்தது.

இமாம் அடங்கிய கர்பலாவுக்கு யாத்திரையாக நடப்பவர்கள் தெற்கே ஃபாவ் கடற்கரையிலிருந்து கிளம்பிவிட்ட நேரம். வழியெல்லாம் பந்தல் போட்டு, நடப்பவர்களைக் கையைப் பிடித்து இழுத்துச் சோறும் தண்ணீரும் கொடுப்பது அந்த மண்ணின் வழக்கம். ஹாஜி மிஸ்பானின் பந்தலில் தண்ணீர் குளிர வைக்கும் பெரிய மெஷின் கருகிவிட்டது. போன வருடம் எவனோ அவசரக்காரன் கேஸ் அடைத்த மெஷின். ஷனாவா போய்த் திறந்தார். எண்ணெய் தார் மாதிரி கறுத்திருந்தது. புளித்துக் கருகிய வாடை மூக்கைப் பிடுங்கியது. கடைகளில் கிடைத்ததெல்லாம் செத்த கம்ப்ரசருக்குப் பெயின்ட் அடித்த சரக்கு.

ஹாஜி வந்து ஷனாவா வீட்டு வாசலில் நின்று புலம்பியது ஸபீஹாவின் காதில் விழுந்தது. அவள் ஷனாவாவை உள்ளே கூப்பிட்டாள்.

"நம்ம கம்ப்ரசரும் அதே அளவுதானே? அதைக் கழட்டிக் கொடுங்க. நான் நேர்ந்துக்கிட்டேன்."

"பைத்தியமா உனக்கு? உன் கை கால் என்ன ஆகும்?"

"ஊரே கர்பலாவுக்கு நடக்குது. என்னால இந்த வாசல் வரைக்கும் போக முடியலை. எனக்குப் பதிலா இதாவது போகட்டும். கூட்டம் கடந்ததும் திருப்பிக் கொண்டுவந்து மாட்டுங்க. பெரிய உஸ்தா, கைதேர்ந்த மெக்கானிக்குன்னு பேரு மட்டும் இருந்தாப் போதுமா?"

நேர்ந்துகொண்டதை அந்த ஊரில் யாரும் மீற மாட்டார்கள். பந்தலுக்கு இல்லை என்று சொன்னவனும் அங்கே கிடையாது. ஷனாவா கழற்றினார்.

பந்தல் மெஷினின் குழாயெல்லாம் அமிலம் படிந்து கிடந்தது. முழுசாகக் கழுவி, வடிகட்டி மாற்றி, ஒரு பகல் பூராவும் வேக்குவம் இழுத்தால்தான் புது இதயம் பிழைக்கும். அவர் ஹாஜியிடம் ஒருநாள் அவகாசம் கேட்டார். நிற்காத கரண்டும் கேட்டார்.

"நிக்காத கரண்டை பஸ்ராவுல எந்தக் கடையில வாங்குறது உஸ்தா?" என்றார் ஹாஜி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கழுவும் திரவம் ஊரில் கிடைக்கவில்லை. இருந்ததை வைத்துக் குழாயை ஊதிச் சுத்தம் செய்து பார்த்தார். பம்பை ஓட்டினார். அரசுக் கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் இடைவெளியில் பம்ப் நின்றது. அவர் பாய்ந்து வால்வை மூடுவதற்குள் காற்று திரும்ப உள்ளே புகுந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி கரண்ட் போனது. அதற்குள் தென்னண்டைச் சாலையில் நடந்து வருபவர்களின் கறுப்புக் கொடிகள் தெரிந்தன. ஹாஜி அவர் தோளில் கை வைத்தார்.

"போதும் உஸ்தா. மிச்சத்தை இமாம் பாத்துக்குவார்."

வாழ்நாளெல்லாம் யாருக்கும் வளைந்து கொடுக்காத மனுஷன் அன்றைக்கு வேக்குவம் முடியாமலே கேஸைத் திறந்துவிட்டார். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதுதான் கொடுமை.

தண்ணீர் அன்று முழுக்கச் சில்லென்று வந்தது. மறுநாள் மதியம் மெஷின் ஒரு தரம் முனகி நின்றது. ஷனாவா ஓடிவந்து கம்ப்ரசரைத் திறந்தார். கண்ணாடி மாதிரி இருந்த எண்ணெய் பழுப்பேறி, அதே புளித்த வாடை அடித்தது. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஹாஜி யாருக்கோ போன் போட்டார். சற்று நேரத்தில் ஐஸ் லாரி வந்தது. கட்டிகளைத் தொட்டியில் இறக்கினார்கள். நடந்து வந்தவர்கள் வாங்கிக் குடித்து, வாழ்த்திவிட்டுப் போனார்கள். யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஷனாவா எலுமிச்சை போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தார். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் அறை வெந்துகொண்டிருந்தது. ஸபீஹா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தாள். மெஷின் நன்றாக ஓடுகிறது, கூட்டம் போனதும் கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன் என்றார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவர் ஈரத் துணியால் முகத்தைத் துடைக்க வந்தபோது மட்டும் மூச்சை இழுத்து மோந்தாள். அவர் வேலைச் சட்டையைத் துவைத்தே காலம் கழித்தவள். அந்த வாடை அவளுக்குத் தெரியாதா?

"செத்துப்போச்சா?"

அவர் துணியைப் பிழிந்து மறுபடி அவள் நெற்றியில் வைத்தார்.

"இப்ப அவங்க என்ன குடிக்கிறாங்க?"

"ஐஸ் லாரி வந்திருக்கு."

அவள் கண்ணைத் திறந்தாள். பிறகு கேட்டாள்.

"நேத்தே கூப்பிட்டிருந்தா லாரி வந்திருக்குமா?"

ஷனாவா தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். வாங்கிக்கொள்ள அவள் கையைத் தூக்கப் பார்த்தாள். விரல்கள் மடியைவிட்டு எழவில்லை. அவர் கோப்பையை அவள் உதட்டில் வைத்தார். தண்ணீர் சுட்டது. அவள் குடித்தாள்.