வருடத்துக்கு ஒரு வார்த்தை

அந்துருண்டை வாசம் எங்கே அடித்தாலும் எனக்குப் புத்தாண்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் போய்க்கொண்டிருந்த சபையின் மூப்பர், தன் வீட்டு அலமாரியில் அந்துருண்டை போட்ட வேட்டிகளுக்கு அடியில் வருடம் முழுக்கப் பத்திரப்படுத்தியிருந்த பிஸ்கட் டின்னை ஜனவரி முதல் தேதி காலை ஆராதனைக்குத் தூக்கிக்கொண்டு வருவார். அதிலிருக்கும் சின்ன அட்டைகளை வெள்ளித் தட்டில் கவிழ்த்து, பின்னல் துணியால் மூடி, பீடத்துக்கு முன்னால் வைப்பார். அட்டையின் ஒரு பக்கம் சூரிய உதயமோ நீர்வீழ்ச்சியோ இருக்கும்; மறுபக்கம் ஒரே ஒரு வார்த்தை. குடும்பத்துக்கு ஒன்று என்று கணக்கு. குடும்பத் தலைவர் போய், கண்ணை மூடிக்கொண்டு துணிக்கு அடியில் கைவிட்டு எடுத்து, மைக்கில் உரக்க வாசிக்க வேண்டும். சபை "ஆமென்" சொல்லிவிட்டால் அந்த வருடம் முழுமைக்கும் ஆண்டவர் அந்த வீட்டோடு பேசி முடித்துவிட்டார் என்று அர்த்தம். அட்டையைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

இதை "வாக்கு எடுக்கறது" என்பார்கள். எடுத்த வாக்குக்கு அர்த்தம் சொல்லும் உரிமையும் எடுத்தவருக்கே இருந்ததால், ஆண்டவர் பாடு திண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும். மளிகைக் கடை வைத்திருந்த ஒருவருக்கு ஒரு வருடம் "கொடு" என்று வந்தது. அது தான் ஆண்டவரைப் பார்த்துக் கேட்க வேண்டிய ஜெபம் என்று விளக்கம் சொல்லி, வருடம் முழுக்க ஒரு மிட்டாய்கூட யாருக்கும் கொடுக்காமல் சமாளித்தார் மனிதர். வாக்கின்படி நடந்தவர் என்று அவரையும் மேடையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள்.

என் அப்பா அவருக்குச் சளைத்தவரில்லை. சுங்கை வேயில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போவாள். சமைப்பது, துவைப்பது, என்னைப் பள்ளிக்கு அனுப்புவது, கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அப்பாவின் தங்கை எஸ்தர் அத்தை. அத்தைக்கு ஈப்போவில் ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்த வருடம் அப்பா எடுத்த அட்டையில் "காத்திரு" என்று இருந்தது. அப்பாவின் முகத்தில் அன்று வந்த நிம்மதியை நான் வேறு எந்த ஆராதனையிலும் பார்த்ததில்லை. வீட்டில் சோறு வடிக்க யார் இருக்கிறார்கள் என்ற அவருடைய பெரிய கேள்விக்குப் பரலோகமே பதில் அனுப்பிவிட்டதல்லவா!

"ஆண்டவரே காத்திருன்னு சொல்லிட்டாரு, நாம என்ன எதுத்துப் பேசறது?" என்றார். அத்தை அடுப்படிக்குப் போனாள். பயிற்சிக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் விண்ணப்பிக்க முடியும், அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும் என்று அம்மாதான் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அப்பா சுவரைக் காட்டினார்.

அதே வருடம், யாரும் ஓட்டத் துணியாத ஒரு பழைய காரை, நண்பர் ஒருவர் சொன்ன மறுநாளே அப்பா வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். "இதுக்குக் காத்திருக்க வேணாமா?" என்று அம்மா கேட்டதற்கு, "அது வேற, இது வேறலா" என்றார். வேதத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் லோரி கம்பெனியில் ஏன் கணக்கெழுதும் கிராணியாகக் காலம் தள்ளினார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்த புத்தாண்டுக் காலையில் கார் கிளம்பவில்லை. வெள்ளைச் சட்டையும் டையுமாக அதைத் தள்ளப்போன அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் பூசிக் குப்புறப் படுக்கவைத்துவிட்டு, அம்மா, அத்தை, நான், தம்பி நால்வரும் மினி பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போனோம். எங்கள் முறை வந்தபோது அம்மா இடத்தைவிட்டு அசையவில்லை. "நீ போய் எடு எஸ்தர், எனக்குக் கையில புள்ள இருக்கு" என்றாள். தம்பியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று நீட்டிய என் கையைத் தட்டிவிட்டு, "நீயும் அத்தை கூடப் போ" என்று என்னையும் விரட்டினாள்.

அத்தை கண்ணை மூடி எடுத்தாள். நான் அவளை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு அவ்வளவு பெரிய எழுத்தைப் படிப்பதில் சிரமம் என்ன இருக்கிறது? அட்டையில் "அமர்ந்திரு" என்று போட்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், பிறகு வாழ்க்கையில் அதுவரை அவள் போடாத ஒரு சத்தத்தில், "புறப்படு!" என்றாள். சபை "ஆமென்" என்றது. மூப்பர் இரண்டு தரம் சொன்னார்.

திரும்பிவரும் பஸ்ஸில் அத்தை அட்டையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளிடமிருந்து அட்டையை வாங்கி நிதானமாகப் படித்துப் பார்த்தாள். பல் முளைக்கும் வேகத்தில் கண்டதையும் கடித்துக்கொண்டிருந்த தம்பியின் கையில் அதைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சூரிய உதயம் முதலில் போனது. வீடு வருவதற்குள் எழுத்து என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"கார்டு எங்க?" என்றார் அப்பா, படுக்கையிலிருந்தே.

"புள்ள மென்னுட்டான். 'புறப்படு'ன்னு வந்துச்சு. கோயிலே ஆமென் சொல்லிருச்சு" என்றாள் அம்மா.

"புறப்படுன்னா எங்க?"

"ஈப்போவுக்குத்தான். ஆண்டவரே சொல்லிட்டாரு, நாம என்ன எதுத்துப் பேசறது?"

தான் கட்டிய வேலியைத் தானே தாண்ட அப்பாவுக்கு வழி தெரியவில்லை. அத்தை விண்ணப்பித்தாள், போனாள், தாதியானாள். அதற்கப்புறம் ஷிப்ட் முடிந்து வந்து அம்மாதான் சோறு வடித்தாள். அப்பா ஒரு தட்டைக்கூடக் கழுவியதில்லை. இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தேதான் அம்மா அன்று ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறாள்.

வெள்ளித் தட்டும் போய்விட்டது, மூப்பரும் போய்விட்டார், அம்மாவும் இல்லை. கிள்ளானில் கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு சபையில் தம்பி இப்போது பாஸ்டர். அங்கே யாரும் கண்ணை மூடி எடுப்பதில்லை, அவரவர் வார்த்தையை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு பயிலரங்கு, அதற்குப் பின்னணி இசை, அந்த வார்த்தையை அச்சடித்த காப்பிக் கோப்பை, கோப்பையோடு படம். இந்த வருடம் "ஃபேவர்" எடுத்தவர்கள் ஒரு கூட்டம், "ஓவர்ஃப்ளோ" எடுத்தவர்கள் ஒரு கூட்டம். கொடு, பொறு, மன்னிப்புக் கேள் என்பதெல்லாம் ஆண்டவரின் அகராதியிலிருந்தே விழுந்துவிட்டன போலிருக்கிறது. மளிகைக் கடைக்காரராவது வந்த வார்த்தையைத் திரிப்பதற்குக் கொஞ்சம் மூளையைச் செலவழித்தார். இவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

ஓய்வுபெற்று என்னோடு இருக்கும் அத்தையை இந்தப் புத்தாண்டுக்கு அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தம்பி மைக்கோடு எங்கள் வரிசைக்கே இறங்கி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அத்தை, இந்த வருஷம் உங்களோட வார்த்தை என்ன?" என்றான்.

அத்தை மைக்கைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"என்னோடதை நீதான் அப்பவே மென்னுட்டியேடா" என்றாள்.

ஒன்றும் விளங்காமலேயே சபை "ஆமென்" என்றது.