சரோ அக்கா அழுத்தாத பட்டன்

சரோ அக்கா இன்று காலை போய்விட்டார். ஒரு வாரமாகக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் இருந்தாராம்... எனக்குத் தெரியவில்லை.

ஷா ஆலம் கையுறைத் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்தவர்கள் சிலர் இதைப் பார்ப்பீர்கள். மற்றவர்களுக்கு: சரோஜினி அக்கா அங்கே கம்ப்யூட்டர் செக்‌ஷனில் புரோகிராமர்.

தொண்ணூற்றெட்டில் எனக்குப் பதினேழு வயது. பள்ளி இறுதிப் பரீட்சை எஸ்.பி.எம். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோது அக்காவின் செக்‌ஷனில் டெம்பரரியாகச் சேர்ந்தேன். அந்த ஏர்கான் அறையில் யார் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவேன்.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குத் தொழிற்சாலை மூடியிருந்த நாட்களில் அப்கிரேட். ஸ்டாக், சம்பளம், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரிய சாஃப்ட்வேர்... அதன் புது வெர்ஷன் ஏறிவிட்டது.

மிச்சமிருந்தவை, எங்கள் தேவைக்காக ஆறு வருடங்களாக அக்கா அதற்குள் மாற்றி எழுதியிருந்த புரோகிராம்கள். ஒவ்வொன்றையும் காட்டி, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, ஒரிஜினலுக்கே திரும்பிவிடவா என்று திரை கேட்கும்.

வைத்துக்கொண்டதை எல்லாம் புது வெர்ஷனுக்குப் பொருந்தும்படி அக்கா வரி வரியாகத் திருத்த வேண்டும். அதனால் அவருடைய ஐடியில் நான் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். அடுத்த மேசையில் திருத்திக்கொண்டே அவர் பதில் சொல்வார். "வை." "வை." "தூக்கு." நான் பட்டனை அழுத்துவேன்.

"ஏ பொண்ணு, மெதுவா வாசி லா. பாசார்ல மீன் விக்கிற மாதிரி கத்துற."

அன்று நல்ல மூடில் இருந்தார். "இந்த அப்கிரேட் ஒழுங்கா முடிஞ்சா பெர்மனன்ட் ஆக்குறேன்னு சொல்லியிருக்காங்க. ஆறு வருஷமா காண்ட்ராக்ட். பெர்மனன்ட் லெட்டர் கைக்கு வரட்டும், உனக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாழ இலை சாப்பாடு."

அப்போது ஒரு புரோகிராம் வந்தது. ஆட்களின் பெயரை அச்சடிப்பது.

வெளிநாட்டில் எழுதிய அந்த சாஃப்ட்வேருக்குக் கடைசியில் வருவதுதான் ஆளின் பெயர். நமக்குக் கடைசியில் வருவது அப்பா பெயர். லெட்சுமி ஏ/பி முனியாண்டி, அதாவது முனியாண்டி மகள் லெட்சுமி, என்று கொடுத்தால் முனியாண்டியை மட்டும் அச்சடித்துவிடும். அப்படி ஆகாமலிருக்கத்தான் அக்கா அதை மாற்றி எழுதியிருந்தார். எனக்கு அப்போது அது தெரியாது.

வாசித்தேன். அக்கா தலையைத் திருப்பாமல், "அத விடு" என்றார்.

வை இல்லை, தூக்கு இல்லை. விடு.

தொடாதே, அப்படியே இருக்கட்டும் என்ற அர்த்தத்தில் அவர் சொன்னார். போகட்டும், வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்... எரிந்து விழுவாரோ என்று பயம். ஒரிஜினலுக்கே திருப்பி அனுப்பினேன்.

மாலையில் என்னை நகரச் சொல்லிவிட்டு, கடைசி முப்பதை அக்காவே அழுத்தினார்.

பெருநாள் முடிந்து திறந்த அன்று எல்லோருக்கும் புது கேட் கார்டு. பேக்கிங் லைன் லெட்சுமி அக்காவின் கார்டில் லெட்சுமி இல்லை.

"என்னா முனியாண்டி, பொட்டெல்லாம் வெச்சிருக்க?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"எங்கப்பா செத்துப் பத்து வருஷம் ஆச்சு. இன்னிக்கி என் ஷிப்டுக்கு வந்துட்டாரு. நா வீட்டுக்குப் போறேன்."

கேட்டில் ஒரே சிரிப்பு. ஆனால் ஐ.சி. அடையாள அட்டையில் ஒரு பெயர், கார்டில் வேறு பெயர் என்று காவலர்கள் யாரையும் உள்ளே விடவில்லை. முதல் ஷிப்ட் ஒன்றரை மணி நேரம் வெளியே நின்றது. அப்கிரேடைப் பார்க்க ஹெட் ஆபீஸ் ஆட்கள் வந்திருந்த நாள் அது.

எங்கள் மேனேஜர் யாழ்ப்பாணக்காரர், குரலை உயர்த்த மாட்டார். "சரோ, லாக் பதிவில உங்கட ஐடிதான் கிடக்கு. வேற யார் அமத்துறது?"

அக்கா என் மேசைக்கு வந்தார். "ஏ பொண்ணு, அந்தப் பேர் புரோகிராம்... நீ அழுத்துனியா, நா அழுத்துனேனா?"

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நா இல்லக்கா... கடைசியில நீங்க அழுத்துனீங்கல்ல, அதுல இருக்கும்."

கண்ணைக் கசக்கிக்கொண்டார். "அப்படித்தான் இருக்கும். மூணு நாளா தூக்கமே இல்ல" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

அம்மாவுக்குத் தெரியாமல் பள்ளிக்கூட நோட்டில் நாலு பக்கம் அக்காவுக்கு எழுதினேன். மறுநாள் பேக்கில் எடுத்துப் போனேன். அவருடைய கடைசி நாள் வரைக்கும் அது பேக்கிலேயே இருந்தது.

நாலைந்து வருடத்துக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வாசலில் அக்காவைப் பார்த்தேன். மகளோடு வந்திருந்தார்.

"நா சொல்வேன்ல, அத்தன பேரையும் அப்பனாக்குனேன்னு... அப்ப கூட இருந்த பொண்ணு இவதான்." மகள் சிரித்தாள். வீட்டில் பல தடவை சொல்லிய கதை போல.

"அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் பக்கமே போகல லா. என் கை மேல எனக்கே நம்பிக்க இல்லாம போச்சு. இப்பகூட அடுப்ப அணைச்சிட்டு ரெண்டு தடவ போய்ப் பாப்பேன். இவ கிண்டல் பண்ணுவா."

எனக்கும் சேர்த்து ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தார். காருக்கு அபராதச் சம்மன் வைத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கார் அன்று ஒழுங்கான பார்க்கிங்கில்தான் இருந்தது.

நாளை மதியம் இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். வீட்டு முகவரி வேண்டியவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள்.

பழைய ஆட்கள் வருவீர்கள். வந்தால் யாராவது முனியாண்டி கதையை எடுப்பீர்கள்... தாராளமாகச் சொல்லுங்கள், சிரிக்கவும் செய்யுங்கள். ஆனால் அழுத்தியது நான் என்று சொல்லுங்கள். அக்காவின் மகளுக்குக் கேட்கிற மாதிரி.

கொஞ்சம் முன்னதாகவே வருகிறேன். யாரும் சொல்வதற்கு முன் அவளிடம் நானே சொல்ல வேண்டும்.

சரோ அக்கா... அது உங்க கை இல்லக்கா.