கண்ணுசாமியின் மண்டையிடி

நெற்றியைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிய பிறகுதான் கண்ணுசாமி சிங்கத்துக்குக் கண் வைப்பார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவர் பெயின்டர். தாமரைக் குளம், இரண்டு கிளி, முதலாளியின் குலதெய்வம் பேர் என்று லாரியின் நெற்றியில் மளமளவென்று வரைந்துகொண்டே போகிறவர், சிங்கத்தின் கண் வந்ததும் ஏணியைவிட்டு இறங்கிவிடுவார். துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடி ஒரு முடிச்சு. "கட்டுத் தளர்ந்தா மண்டை ரெண்டாப் போயிருமுங்க" என்பார். விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

வயது நாற்பத்திரண்டு. நகக்கண்ணில் எப்போதும் மஞ்சளோ பச்சையோ ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஆறு டீ. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் ஐந்து ஏக்கர் விவசாயக் காடு இருக்கிறது. காட்டுவேலையை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். தம்பி காலையில் பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்துவிடுகிறார்.

அவருக்கு வருவது சாதாரணத் தலைவலி அல்ல. வலிக்கு முன்னால் வெளிச்சம் வரும். இடது கண்ணோரத்தில் ரம்பப் பல்லாக ஒரு கோடு மினுங்கி நெளியும். அரைமணி கழித்து அது மறைந்ததும் பாதி மண்டை துடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் வெயில் ஆகாது, சுத்தியல் சத்தம் ஆகாது, டீ வாசனைகூட ஆகாது. வாந்தி எடுத்துவிட்டு, நிற்கிற லாரிக்கு அடியில் சாக்கை விரித்துச் சுருண்டுகொள்வார். அந்த நெளிகோட்டையும் அவர் சும்மா விடவில்லை. மஞ்சள், நீலம், வெள்ளை என்று மூன்று வரிசைப் பல்லாக லாரிக் கதவுக்கு பார்டர் போட்டார். இன்று ஆத்தூர்க்காரர்கள்கூட 'கண்ணுசாமி பார்டர்' கேட்டுத் தேடி வருகிறார்கள். மண்டையிடியில் பாதியை எங்கள் லாரிக்கு ஏற்றிவிட்டார் என்று பட்டறை முதலாளி மருதாசலம் கிண்டல் செய்வார்.

செய்யாத வைத்தியம் இல்லை. சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டார். நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்தார். சேலம் போய்க் கண்ணாடி வாங்கி மாட்டினார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது, வலி வந்த வழியே வந்துகொண்டிருந்தது. கடையில் மாத்திரை வாங்கி, வலி மண்டையைப் பிளக்கும்போது மூன்று நான்காக விழுங்கினார். கடைசியில் ஊர் மாரியம்மனிடம் போய் நின்றார். வெள்ளிதோறும் விளக்கு வைக்கும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் ஒருசந்தி இருப்பதாக வேண்டுதல். அதுவரை மாதத்துக்கு ஒன்றாக இருந்த தலைவலி, வாரத்துக்கு ஒன்றானது. ஆத்தா சோதிக்கிறாள் என்று நினைத்துச் செவ்வாயையும் சேர்த்துக்கொண்டார். வாரத்துக்கு இரண்டானது. நாலு வருடம் இப்படியே ஓடியும் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அண்ணனுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. எல்லாம் பெயின்ட் நாற்றம் செய்கிற வேலை என்றார். தை பிறந்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, காட்டுக்குப் புதிதாகப் போட்டிருக்கும் மோட்டாரைப் பார்க்க வந்துவிட வேண்டும் என்று தேதியும் வைத்துவிட்டார். கண்ணுசாமி தலையாட்டி வைத்தார். ஆனால் எழுத்தேறாத லாரி முகம் ஒன்று உள்ளே வந்து நின்றால் அவருக்குக் கை பரபரக்கும். அதை விட்டுவிட்டு மோட்டார் கொட்டகையில் உட்கார்வதை நினைத்தாலே பகீரென்றது.

அவருடைய மனைவி வசந்தாமணிதான் புரட்டாசியில் அவரைத் தெய்வநாயகி டாக்டரிடம் இழுத்துப் போனார். இது ஒற்றைத் தலைவலி, உயிருக்கு ஒன்றும் செய்யாது, அடியோடு போகவும் போகாது, எதனால் கிளம்புகிறது என்று கண்டுபிடித்தால் அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டர். வலி வருகிற நாளைக் காலண்டரில் குறிக்கச் சொன்னார். பெயின்டர் பேனாவால் குறிப்பாரா? பிரஷ்ஷால் சிவப்புப் பொட்டு வைத்தார். இரண்டு மாதம் கழித்து, எழுதி முடித்த போர்டைப் பார்ப்பதுபோல் நாலடி தள்ளி நின்று பார்த்தார். பொட்டுகள் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நேராக இரண்டு வரிசை கட்டியிருந்தன. காலையிலிருந்து மாலைவரை பெயின்ட் அடித்த மற்ற நாட்களில் அபூர்வமாக ஒன்று.

"தலைவலி போவோணுமின்னு இருந்த ஒருசந்தியே அதைக் கூட்டியாந்திருக்குதுங்க" என்று டாக்டரிடம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. வயிறு காய்ந்தது, தண்ணீர் இல்லை, ஆறு டீ குடித்த உடம்புக்கு அன்றைக்கு ஒன்றுகூட இல்லை, வலி வராமல் என்ன செய்யும் என்றார். வேளைக்குச் சோறு, நிறையத் தண்ணீர், டீயை மெல்லக் குறைப்பது, கோடு நெளிந்ததுமே ஒரு மாத்திரை, அதற்குமேல் வேண்டாம், பெயின்ட் வேலையைக் காற்றோட்டமாக வைத்துக்கொள்வது. அவ்வளவுதான் வைத்தியம்.

ஆனால் ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கு? அதை டாக்டர் ரத்து செய்ய முடியாதே. அடுத்த செவ்வாயும் பட்டினிதான். "ஏனுங்க, நீங்க பட்டினி கெடக்கோணுமின்னு ஆத்தா கேட்டாளுங்களா?" என்றார் வசந்தாமணி. அப்படியானால் பூ வைத்து அவளையே கேட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் விரதத்தை விடலாம். சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலத்தை நானே கட்டுகிறேன் என்று வசந்தாமணி பிடிவாதமாக வாங்கிக்கொண்டார்.

கோயிலுக்கு வந்திருந்த ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்தாள். பூசாரி வேலுசாமி பிரித்தார். வெள்ளை. மற்றதையும் பிரித்துப் பார்த்துக்கொள் என்று கண்ணுசாமி கையில் கொடுத்தார். வீட்டு வாசலில் நிற்பது வெள்ளை அரளி மட்டும்தான். செவ்வரளிக்குக் காட்டின் மறுகோடிவரை போக வேண்டும்; அன்று காலை வசந்தாமணி வாசலைத் தாண்டியதாகக் கண்ணுசாமிக்கு நினைவில்லை. திரும்பிப் பார்த்தார். அந்தம்மாள் கோயில் மணியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுசாமி பொட்டலத்தைப் பிரிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது மாசி. காலண்டரில் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ பொட்டுதான். துண்டு பழக்கத்துக்காக நெற்றியில் இருக்கிறது. தையில் கெடு வைத்த அண்ணன், போன வெள்ளிக்கிழமை பட்டறைக்கே வந்து, ஏணியில் பாடிக்கொண்டே பிரஷ் பிடித்திருந்த தம்பியை வெகுநேரம் பார்த்தார். மோட்டார் பேச்சை எடுக்கவில்லை. பிரஷ் வைக்கும் தகர டப்பாவில் கிடந்த அந்தக் கோயில் பொட்டலத்தை எடுத்து, "இதை இன்னும் பிரிக்கலயா? உள்ளார என்ன இருக்குதுன்னு பாத்துரலாமில்ல?" என்றார்.

கண்ணுசாமி இறங்கி வந்து அதை வாங்கினார். காதோரம் வைத்துக் குலுக்கினார். உலர்ந்த பூ சரசரத்தது. பிரிக்காமலே டப்பாவில் போட்டு மூடியை அழுத்திவிட்டு, மணி ஒன்றாகிவிட்டது என்று டிபன் கேரியரைத் திறந்து, முதல் கிண்ணத்தை அண்ணன் பக்கம் நகர்த்தினார்.