பவானியின் மூன்று ஸ்லைடுகள்

1. முதல் ஸ்லைடு

எழுபதுகளின் கடைசி. உத்தமபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் டெக்னீசியனாகச் சேர்ந்து நான்காவது நாள். ஸ்டெயின் போட்டு ஊதாவாக்கிய ஒரு ரத்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். படிக்கும்போது படத்தில் பார்த்தவை நேரில் இருந்தன. உட்கரு பெருத்த பிளாஸ்ட் செல்கள், ரத்தப் புற்றின் அடையாளம், நகர்த்திய இடமெல்லாம். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, மறைக்கவில்லை. "சார், லுக்கீமியா!" என்று டாக்டரிடம் ஓடினேன். ரத்தம் கொடுத்த பவானி, ஏழு வயது, வாசல் பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

2. சுத்தமான ஸ்லைடு

மதுரையில் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். ரத்தம் பார்க்க மட்டும் எங்களிடம் வருவாள்.

"இன்னைக்கும் என் ரத்தத்தைக் குடிக்கப் போறீகளாண்ணே?"

"ஒரே ஒரு சொட்டுத்தான்."

"பேயும் அப்பிடித்தான் சொல்லும்."

இரண்டு மாதத்தில் ஸ்லைடில் ஒரு பிளாஸ்ட் இல்லை. அவள் அப்பா சின்னமாயன் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் போட்டிருந்தார். டாக்டர் வருமுன் நானே அவரிடம் சொன்னேன்: "எல்லாம் செத்துப்போச்சுண்ணே. சுத்தமா இல்ல."

மறுநாள் ஒரு கூடை பன்னீர்த் திராட்சை வந்தது.

3. மூன்றாவது ஸ்லைடு

ஏழு மாதம் கழித்துப் பவானிக்கு மறுபடி காய்ச்சல். ஸ்லைடைப் பார்த்தேன். அவை திரும்பியிருந்தன.

"மாத்திரை தவறாமக் குடுக்குறீகளா?" என்றார் டாக்டர்.

"நிப்பாட்டி மூணு மாசமாச்சு சார்," என்றார் சின்னமாயன். "பழம் வெட்டுறதுக்கு முந்தி கொடிக்கு மருந்தடிக்கிறத நிப்பாட்டுவோம்ல, நஞ்சு தங்கிரக் கூடாதுன்னு. புள்ளை உடம்புல மட்டும் தங்கலாமா? அதான் தம்பி சொன்னாகள்ல, எல்லாம் செத்துப்போச்சுன்னு."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. உள்ளே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "கோடிக்கணக்குல செத்திருக்கும்யா. மருந்துக்கு அசையாதது சிலது எலும்பு மஜ்ஜைக்குள்ள பதுங்கியிருக்கும். மருந்து நின்னா அதுகளுக்குக் கொண்டாட்டம். நிப்பாட்டாமலே வர்றதும் உண்டு."

"அதுகளை எப்படி சார் அடையாளம் பாக்குறது?"

"உன் கண்ணாடியில முடியாது."

மதுரையில் அதே ஊசியை மறுபடி போட்டார்கள். திரும்பி வந்தபோது பவானியின் தலையில் முடி இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தேன்; நான் பத்திரப்படுத்திய மூன்றாவது ஸ்லைடு அதுதான். மருந்து அவள் முடியை எடுத்திருந்தது, செல்களைத் தொடவேயில்லை. முதல் ஸ்லைடை எடுத்து மாற்றி மாற்றி வைத்தேன். அதே ஊதா, அதே உருவம். அன்று செத்தவையே எழுந்து வந்து நிற்பதுபோல் இருந்தது.

பெஞ்சிலிருந்து கேட்டாள்: "அண்ணே, செத்துருச்சா? நீங்க சொன்னாத்தான் அப்பா நம்புவாக."

ஸ்லைடை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

அடுத்த அறுவடையில் அந்த பெஞ்சில் அவள் இல்லை.

இப்போது டாக்டர் பார்க்காமல் யாரிடமும் வாய் திறப்பதில்லை. ரிப்போர்ட்டில் "இல்லை" என்று எழுதுவதையும் விட்டுவிட்டேன். "இந்த ஸ்லைடில் தென்படவில்லை" என்பதோடு சரி.

லேப்பில் புதிதாகச் சேர்பவர்களிடம் அவளுடைய முதல் ஸ்லைடையும் மூன்றாவதையும் பெயரை மறைத்துக் கொடுப்பேன். மருந்துக்குச் சாகாதவை எதில் என்று கேட்பேன். வெகுநேரம் பார்ப்பார்கள். இதுவரை ஒருவராலும் சொல்ல முடிந்ததில்லை. பெயரை மறைத்தால் எனக்கும் தெரியாது.