வீராயி கேட்ட கேள்வி

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, எனக்குள்ளே ஜெபம் வற்றிப்போன காலத்தைப் பற்றிச் சொல்லத்தான் இன்றைக்கு எழுந்து நிற்கிறேன். நான் உபதேசியார் மனைவி. இவளே இப்படிச் சொல்கிறாளே என்று சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பெரிய வெள்ளம் வந்து மூணாறு மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு ஆறேழு வருஷம் கழித்து நடந்தது இது. அப்போது நாங்கள் மறையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே சபையைப் பார்த்துக்கொண்டார். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். ஞாயிற்றுக்கிழமையானால் தொழிலாளிகள் குடியிருந்த எல்லா லயத்திலிருந்தும் ஜனங்கள் வந்து கூடுவார்கள். பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும், எந்த வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை என்றாலும், ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தாலும் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். நான் போவேன். தலையில் கை வைத்து ஜெபிப்பேன். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பல வருஷம் அப்படித்தான் போனது.

ஒரு லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களில், அது தொடங்கியது. வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூடுகையில் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். வாய் பேசுகிறது. நான் சற்றுத் தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல ஜெபம்தான். வார்த்தை ஒன்றும் தவறவில்லை. ஆனால் அதில் நான் இல்லை. கூடுகை முடிந்து பெண்கள் என் கையைப் பிடித்து ஸ்தோத்திரம் சொன்னபோது அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. வீட்டுக்குப் போய் உலை வைத்தேன்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

என்ன காரணம் என்று தேடினேன். எனக்கு நஷ்டம் ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் சுகமாக இருந்தார்கள். வீட்டுக்காரர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசுகிறவரில்லை. விசுவாசம் போய்விட்டதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போகவில்லை. ஆண்டவர் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கும் எனக்கும் நடுவில்தான் என்னவோ ஆகிவிட்டது. அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. பயத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகமாகப் பிடித்து ஆட்டியது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசரிடம் போனேன். அவர் நாடி பிடித்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்று ஒரு கசப்பு மருந்து கொடுத்தார். குடித்தேன். நன்றாகப் பசித்தது, அவ்வளவுதான். நற்கருணை கொடுக்க மலையேறி வந்த பாதிரி ஐயரிடம் கேட்டேன். உபவாசம் இருந்து பாருங்கள் அம்மா என்றார். இருந்தேன். அதிலும் பசிதான் கண்டேன். கடைசியில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஏதாவது வசனம் சொல்வார் என்று பார்த்தேன்.

"எனக்குத் தெரியலை ராகேல்," என்றார். "தெரிஞ்ச மாதிரிச் சொன்னா அது பொய்யாயிரும். என்ன காரணம்னு அவர்கிட்டயே கேளு."

அன்றைக்கே கேட்டேன். "ஆண்டவரே, ஆறுதல் வேண்டாம். எனக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் காட்டும்." அதற்குமேல் சொல்ல ஒன்றும் வரவில்லை. பதிலும் வரவில்லை. பங்குனி போய், சித்திரை போய், மழை பிடித்துக்கொண்டது.

ஆடி மாசத்தில் கீழ்த் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே நம் சபைப் பெண் அன்னபாக்கியம் நிறைமாசமாக இருந்தாள். அவள் புருஷன் அரிசி வாங்க மூணாறுக்குப் போனவன் மழையில் மாட்டிக்கொண்டான். பெண் பயப்படுகிறாள், ஒரு எட்டு வந்து ஜெபித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். எனக்குப் போக மனமே இல்லை. போய் என்னத்தைக் கொடுக்கப் போகிறேன்? ஆனால் வர மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நான் லயத்தைச் சேர்ந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது மலை சரிந்தது. முதலில் சத்தம், அப்புறம் மண் வாடை. நான் வந்த பாதையே இல்லை. மேலே போகவும் வழியில்லை, மேலே இருந்து டிரெசர் வரவும் வழியில்லை.

மறுநாள் காலையில் அன்னபாக்கியத்துக்கு வலி எடுத்தது.

பக்கத்து வீட்டில் வீராயி என்று ஒருத்தி இருந்தாள். சிவகங்கைப் பக்கத்துக்காரி, இந்து. ஏறக்குறைய என் வயதுதான். அந்த லயத்தில் பிரசவம் பார்ப்பது அவள்தான். மத்தியானம் வரைக்கும் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பிள்ளை இறங்கவில்லை. அன்னபாக்கியம் துவண்டுபோனாள். கண் சொருகியது. வாசலில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்து, உபதேசியாரம்மா, ஒரு ஜெபம் பண்ணுங்க என்றார்கள்.

நான் முழங்கால் போட்டேன். வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. இவ்வளவு நாளும் மனசு வராவிட்டாலும் வார்த்தையாவது வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அதுவும் நின்றுபோனது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எனக்கு வரமாட்டேங்குது," என்று சொன்னேன்.

வாசலில் ஒருவரும் அசையவில்லை. வீராயி மட்டும் நிமிர்ந்து பார்த்து, "வராட்டா இருக்கட்டும்மா. இங்கிட்டு வந்து இவளைப் பின்னால இருந்து தாங்கிப் பிடிங்க," என்றாள்.

நான் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்தப் பெண்ணை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் முக்கும்போது நானும் மூச்சைப் பிடித்தேன், அவள் விடும்போது நானும் விட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் புடவையெல்லாம் அவள் வேர்வை. எப்போதோ ஒரு சமயம் என் வாய் அசைந்துகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. "அப்பா, அப்பா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் பிள்ளை பிறந்தது. பெண். நீலம் பாய்ந்திருந்தது, அழவில்லை. வீராயி வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, மறுபடியும் தேய்த்தாள். அது அழுதது. அன்னபாக்கியம் என் மடியில் தலையை வைத்தபடி சிரித்தாள்.

என் ஜெபத்தால் பிள்ளை பிழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன் பிரியமானவர்களே. நான் ஒழுங்காக ஜெபிக்கவே இல்லை. இருந்தும் அவர் கேட்டார். அது எனக்கு நிச்சயம்.

பாதை வெட்டி முடிகிற வரைக்கும் வீராயி வீட்டில்தான் தங்கினேன். அங்கே ஜெபிக்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. வரக்காப்பி கொடுத்தார்கள், மறையூர் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடித்தேன். ஒரு மத்தியானம் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வீராயி, ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே என்றாள். கேள் என்றேன்.

"ஒங்க சாமிகிட்ட ஒங்களுக்குன்னு என்ன கேப்பீக?"

சபைக்காகக் கேட்பேன், பிள்ளைகளுக்காகக் கேட்பேன், நோயாளிகளுக்காகக் கேட்பேன் என்று சொன்னேன்.

"அதெல்லாம் அவுகளுக்கு. ஒங்களுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் தன் முழங்கால் வலியைக்கூடக் காளியம்மனிடம் சொல்லிவிடுவாளாம், அதனால்தான் கேட்டாளாம். எனக்குப் புத்தி சொல்லவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. எங்கள் வழக்கம் எப்படி என்று தெரிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான். கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கஞ்சியைக் கிண்டினாள்.

என்ன ஆச்சு என்று காட்டும் என்று நான் கேட்டேனே, காட்டிவிட்டார். எத்தனையோ வருஷமாக நான் மற்றவர்கள் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குப் போகிறேன், வருகிறேன். ஒரு நாள்கூட நான் உள்ளே போய் உட்காரவில்லை.

லயத்துக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த சாய்ப்புக்குப் போனேன். தகரத்தில் மழை கொட்டியது. பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. அங்கே வாய் விட்டுச் சொன்னேன். "அப்பா, எனக்குக் களைப்பா இருக்கு. இந்த மழையைக் கண்டா பயமா இருக்கு. வெள்ளத்துக்கு அப்புறம் வருஷா வருஷம் எல்லாருக்கும் தைரியம் சொல்லிட்டு நான் பயந்துகிட்டுத்தான் படுக்குறேன். என்னை யாரும் விசாரிக்கிறதில்லை. நீராவது விசாரியும்." சொல்லச் சொல்ல அழுகை வந்தது. லெந்து காலத்திலிருந்து வராத அழுகை. மழை நிற்கவில்லை. ஆனால் நான் தனியாக இல்லை என்று தெரிந்தது. அதை இதற்குமேல் விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. தாகமாக இருந்து தண்ணீர் குடித்தவர்களுக்குத் தெரியும்.

மண்ணை அந்தப் பக்கத்திலிருந்து நம் சபை ஆண்களும், இந்தப் பக்கத்திலிருந்து கீழ்த் தோட்டத்து ஆட்களும் வெட்டினார்கள். வழி திறந்தபோது மம்பட்டியும் கையுமாக முதல் ஆளாக வந்தது என் வீட்டுக்காரர். முகமெல்லாம் சேறு. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்னபாக்கியம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்த வெள்ளிக்கிழமை, பெண்கள் கூடுகையில் நடந்ததையெல்லாம் சொன்னேன். உங்களுக்கு ஜெபிக்கிற நான் இத்தனை மாசமாக வெறுமையாக இருந்தேன், இன்றைக்கு நீங்கள் எனக்காக ஜெபியுங்கள் என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு ஜெபிக்கத் தெரியாதே என்று ஒருத்தி சொன்னாள். அப்போது அன்னபாக்கியம் பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்து என் தலையில் கை வைத்தாள்.

"ஆண்டவரே," என்றாள், "இந்த அக்கா யாருன்னு எங்களுக்கு இன்னும் சரியாத் தெரியாது. உமக்குத் தெரியும். இவங்களைப் பாத்துக்கும்."

அவ்வளவுதான் அவள் ஜெபம். என் தலையில் கை வைத்து ஒருவர் ஜெபித்துக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

அதிலிருந்து எங்கள் கூடுகை மாறிப்போனது. முதலில் அவரவர் தனக்கென்று ஒன்று கேட்கவேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். ஆரம்பத்தில் வெட்கப்பட்டார்கள். பிறகு விளக்கேற்றும் நேரம் தாண்டியும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வீராயி இன்றைக்கும் தன் காளியம்மனைத்தான் கும்பிடுகிறாள். ஆண்டவர் எனக்குப் பதில் சொல்ல அவள் வாயை எடுத்துக்கொண்டார் என்பதை அவளிடமே சொன்னேன். அப்படியா என்று கேட்டுச் சிரித்தாள்.

எனக்கு இப்போதும் சில நாள் வறட்சி வருகிறது. வந்தால் பயப்படுவதில்லை. என்ன விஷயம் என்று அவரிடம் போய்க் கேட்கிறேன். உங்களிலும் யாராவது உதடு மட்டும் பாடிக்கொண்டிருக்க, உள்ளே ஒன்றுமில்லாமல் இங்கே உட்கார்ந்திருக்கலாம். மறைக்க வேண்டாம். அழகான வார்த்தை தேட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நான் அந்தக் கடைசிப் பாயில் உட்கார்ந்திருப்பேன். வந்து பக்கத்தில் உட்காருங்கள். வார்த்தை வராவிட்டால் இரண்டு பேரும் சும்மா இருப்போம். அவர் அதையும் கேட்கிறவர்.